இருநூற்றுப் பதினைந்தாவது சீட்டு

நார்த்விக், அயோவா
செப்டம்பர் 14, 1987

அன்புள்ள எமெட்,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. கிழித்தே தீருவேன் என்றால் படித்துவிட்டுக் கிழி. இருபத்தெட்டு வருடமாக, வருடத்துக்கு நான்கு என்று நம் சங்கத்துச் செய்திமடலை உனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீயும் சளைக்காமல் உறைமேல் "நான் உறுப்பினன் அல்ல" என்று எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாய். எங்கள் தபால்காரர் ஆர்லோ என்னைத் தெருமுனையில் பார்த்தாலே சிரிக்கிறார். "வெர்லின், உன் ஆளு இந்தத் தடவையும் மறக்கலப்பா" என்கிறார். பழைய மாணவர் செயலாளர் என்ற பதவியில் எனக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

நீ எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். கல்லூரியில் மாணவர்கள் சேர்ந்து வசிக்கிற நம் சகோதர சங்கத்து வீட்டில், நீயும் நானும் மாடியில் ஒரே அறையில் கிடந்த அதே வீட்டில், இப்போது ஒன்பது மாணவர்கள்தான் இருக்கிறார்கள். நம் காலத்தில் முப்பத்திரண்டு பேர்! குளிக்க வரிசையில் நிற்போமே, ஞாபகம் இருக்கிறதா? இருபது பேராவது இல்லாத வீட்டைக் கல்லூரி எடுத்துக்கொண்டு அலுவலகமாக ஆக்கிவிடும் என்று எங்கள் மாணவர் நல அதிகாரி அம்மாள் சொல்லிவிட்டார். சேர வருகிறவர்கள் இல்லாமல் இல்லை. இந்தச் செப்டம்பரில் மட்டும் பதினான்கு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேர் வெளியே போனார்கள். காரணம் அந்தப் பெட்டி.

ஆமாம், அதே பெட்டிதான். கையை உள்ளே விட்டுக் கோலியைப் போடவேண்டும். வேண்டும் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. முப்பது வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பு கிடந்தாலும் வந்தவன் வந்த வழியே போகவேண்டியதுதான். இப்போது இருக்கிற ஒன்பது பேரில் எவனோ ஒருவன் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கறுப்பைப் போட்டுக்கொண்டே இருக்கிறான். பாதிப் பேர் சம்மதித்தால் போதும் என்று விதியை மாற்றி அக்டோபர் 31க்குள் எழுத்தில் காட்டினால், ஜனவரி வரை பொறுக்கிறேன் என்கிறார் அந்த அம்மாள்.

மாற்றுவது அவ்வளவு லேசா? 1909இல் நம் சங்கத்தை ஆரம்பித்த புண்ணியவான்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பதிவேட்டில் பெயர் ஏறிய அத்தனை பேரும், உயிரோடு இருக்கிற அத்தனை பேரும், தம் கையால் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விதியைத் தொடலாம். உயிரோடு இருப்பவர்கள் இருநூற்றுப் பதினைந்து பேர். இருநூற்றுப் பதினான்கு சீட்டு என் மேஜைமேல் இருக்கிறது. அலாஸ்காவில் மீன்பிடி படகிலிருந்து ஒன்று. வாதம் வந்து வலது கை விழுந்துபோன லாயல் ஸ்வெண்ட்சன் இடது கையால் போட்டது ஒன்று. சிறையிலிருந்து ஒன்று, அவன் பெயரை நான் சொல்லமாட்டேன், பாவம், முதல் ஆளாக அனுப்பினான்.

பாக்கி நீ ஒருவன்தான். சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். தபால்தலை கூட ஒட்டிவிட்டேன். பேனாவை எடு, கோட்டின்மேல் பெயரை எழுது, முடிந்தது வேலை.

உன் சகோதரன்,
வெர்லின் ஹக்ஸ்டால்

*

பிளாட் க்ரீக், தெற்கு டகோடா
செப்டம்பர் 21, 1987

திரு. ஹக்ஸ்டால் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

1951 நவம்பர் 17ஆம் தேதி நான் உங்கள் சங்கத்திலிருந்து எழுத்து மூலம் விலகினேன். அன்றிலிருந்து நான் உறுப்பினன் அல்லன். உறுப்பினன் அல்லாதவன் உறுப்பினன் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. மாட்டு வைத்தியம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். நோயில்லாத மாட்டுக்கு நோய் இருப்பதாக ஒரு பொய்ச் சான்று கூட எழுதியதில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

என்னைச் சகோதரன் என்று அழைப்பதை நிறுத்துங்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு தம்பி இருக்கிறான். பக்கத்துப் பண்ணையில் இருக்கிறான். அவன் ஒருவனே போதும்.

இப்படிக்கு,
எ. குச்சேரா

பின்குறிப்பு: உங்கள் கோடை மடலில், வயிறு உப்பிய பசுவுக்கு என்று யாரோ ஒருவர் கைவைத்தியம் எழுதியிருந்தார். அதைச் செய்தால் மாடு செத்துப்போகும். உடனே திருத்தம் வெளியிடவும்.

*

நார்த்விக்
செப்டம்பர் 25, 1987

அடப்பாவி எமெட்!

அகப்பட்டாயா? பசு வைத்தியம் கோடை மடலில் எட்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில் இருந்தது. அதை எழுதியவனே அதை மறுபடி படித்திருக்கமாட்டான். இருபத்தெட்டு வருடமாக நீ உறையை ஆவி காட்டிப் பிரித்து, வரி விடாமல் படித்து, மறுபடி ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாய்! நான் ஒரு மடையன், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பசை ஒட்டிய இடத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?

திருத்தம் போடுகிறேன். மாடு பிழைக்கட்டும். இப்போது என் கதையைக் கேள்.

நீ விலகிவிட்டேன் என்கிறாய். நம் சட்டத்தில் விலகல் என்று ஒன்று கிடையவே கிடையாது. நீ எழுதிய கடிதத்தை 1951இல் கூட்டத்தில் படித்தார்கள், கோப்பில் வைத்தார்கள், அவ்வளவுதான். உன்னை நீக்கவும் வழியில்லை, உன்னை விட்டுவிட்டு விதியை மாற்றவும் வழியில்லை. புதன்கிழமை சங்க வீட்டுக்குப் போய்ப் பையன்களிடம் இதைச் சொன்னேன். தலைவனாக இருக்கிற க்ரெய்க் நல்ல பிள்ளை. "சார், அவரு பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சிட்டா என்ன சார்?" என்றான்.

"அடிக்க முடியாதுப்பா. பேரு ஏறினா ஏறினதுதான். செத்தாத்தான் இறங்கும்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். "அவருக்கு வயசு என்ன சார்?"

"அம்பத்தாறு."

"உடம்பு எப்படி சார் இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கான்" என்றேன். ஒன்பது பேர் முகமும் தொங்கிப்போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எமெட், உன் ஆரோக்கியத்துக்காக வருத்தப்பட்ட கூட்டம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

கோபம் எனக்கு இல்லை என்று நினைக்காதே, நிறைய இருக்கிறது. முதுகுவலியோடு மூன்று மாதமாக நக்கி நக்கி உறை ஒட்டியிருக்கிறேன். வேறு சீட்டு வைத்திருக்கிறேன். போட்டுத் தொலை.

வெர்லின்

*

பிளாட் க்ரீக்
அக்டோபர் 1, 1987

திரு. ஹக்ஸ்டால் அவர்களுக்கு,

ஏழு நாளில் பதினேழு தொலைபேசி அழைப்பு. உங்கள் ஏற்பாடு என்று நன்றாகத் தெரிகிறது.

அரிசோனாவிலிருந்து ஒருவர், என்னை ஞாபகம் இருக்கிறதா, உன் படுக்கையில் தவளை விட்டவன் நான்தான் என்று அறிமுகம் செய்துகொண்டார். ஒருவர் அழுதார். ஒருவர் சங்கத்துப் பாட்டை நான்கு சரணமும் பாடினார், நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை நான் தொழுவத்தில் இருந்தேன். கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தது, என் கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. என் மனைவி நார்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொரு சகோதரர் கூப்பிடறாருங்க. உங்க அம்மாவுக்கு இத்தனை பிள்ளைங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மாட்டுக்குள்ள கை இருக்குன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். கை வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கேங்கறாரு."

நாற்பது நிமிடம் காத்திருந்தார். சிகாகோவிலிருந்து! கன்று பிழைத்தது. நான் போய் எடுத்தால், "என்ன கன்னு? கிடாரியா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற பதினாறு பேரைவிட அவர்தான் என்னை அதிகம் சங்கடப்படுத்தினார்.

போதும், வெர்லின். நிறுத்து. மடலைப் படித்தேன், ஒத்துக்கொள்கிறேன். செத்தவன் யார், இருக்கிறவன் யார் என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். அதனால் நான் உங்களில் ஒருவன் ஆகிவிடமாட்டேன். எல்லாருக்கும் கறுப்புப் போடுகிறான் என்று அந்தப் பையன் ஒருவனைத் திட்டியிருந்தாய். அவனை விடு. அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். போட்டுவிட்டு அவன் நிம்மதியாகச் சாப்பிடுகிறான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

சீட்டு இத்துடன்.

எமெட்

*

நார்த்விக்
அக்டோபர் 6, 1987

எமெட்,

தொலைபேசிக்கு மன்னித்துக்கொள். பத்துப் பேரிடம்தான் சொன்னேன். மற்ற ஏழு பேர் தாமாகவே பேசியிருக்கிறார்கள். பிடிக்காத ஆளுக்கு யாரும் சிகாகோவிலிருந்து நாற்பது நிமிடம் காத்திருப்பதில்லை.

சுற்றி வளைத்துப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. முப்பத்தாறு வருடமாக இரண்டு பேரும் சொல்லாமல் இருக்கிற பெயரை நானே சொல்லிவிடுகிறேன். லெனார்ட்.

உன் தம்பி சேர வந்த அந்த நவம்பர் மத்தியானத்தை நான் மறக்கவில்லை. அந்த வருடம் நான்தான் பெட்டிக்காரன். எல்லாரும் போட்டபின் கடைசியாக நான் போட்டு, திரைக்குப் பின்னால் எடுத்துப் போய்த் தட்டில் கவிழ்த்துப் பார்த்து, "வெளிச்சம்" அல்லது "இருட்டு" என்று ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும். எத்தனை என்றோ, எப்படி என்றோ சொல்லக்கூடாது. லெனார்டுக்கு வெளிச்சம்தான் என்று எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். அவனைப் பிடிக்காதவர் யார்? "இருட்டு" என்று நான் சொன்னதும் உன் முகம் போன போக்கை இன்னும் பார்க்கிறேன். மறுநாள் காலையில் பெட்டி படுக்கையோடு போய்விட்டாய். தம்பிக்காகச் சங்கத்தையே உதறியவன் என்று இன்றுவரை உன்னைப் பற்றிப் பேசுகிறோம்.

கறுப்பைப் போட்டது நான்தான் என்று நீ சந்தேகப்படுகிறாய், அதனால்தான் என் கடிதத்தையும் மடலையும் திருப்பி அனுப்புகிறாய் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி... இந்தப் பத்தியை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பெட்டிக்காரன் பேசக்கூடாது என்பது விதி. அந்த விதியின் பின்னால் நின்றுகொள்கிறேன், விடு.

ஆனால் இதைக் கேள். உன் தம்பியை வெளியே தள்ளிய விதியைத்தானே நான் இப்போது ஒழிக்கப் பார்க்கிறேன்! அதற்கு உன் கையெழுத்து கிடைக்கவில்லை என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் லெனார்டுக்கே எழுதுகிறேன். அவன் சொன்னால் கேட்பாய். சீட்டை மறுபடியும் உள்ளே வைத்திருக்கிறேன்.

வெர்லின்

*

பிளாட் க்ரீக்
அக்டோபர் 9, 1987

வெர்லின்,

லெனார்டுக்கு எழுதாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், எழுதாதே. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் யாரையும் சந்தேகப்படவில்லை. அந்தக் கறுப்புக் கோலியைப் போட்டவன் நான்.

எழுதிவிட்டேன். இந்தக் கையால் இதை எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

ஏன் என்று கேட்பாய். சொன்னால் சிரிப்பாய். எங்கள் வீட்டில் நான் எப்போதும் லெனார்டின் அண்ணன்தான். பள்ளிக்கூடத்தில், தேவாலயத்தில், தானியக் களத்தில், எங்கே போனாலும் அவனுக்குத்தான் முதல் நாற்காலி. அவன் கேட்டு வாங்கியதில்லை, தானாகக் கிடைக்கும். நார்த்விக் வந்துதான் நான் எமெட் ஆனேன். ஒரு வருடம் எமெட்டாக இருந்தேன். அடுத்த செப்டம்பரில் அவனும் வந்தான். இரண்டே வாரத்தில் சங்க வீட்டுச் சமையற்கார அம்மாள், ஒரு வருடமாக எனக்குச் சோறு போட்டவள், "ஓ, நீ லெனார்டோட அண்ணனாப்பா?" என்று கேட்டாள். பெட்டிக்குள் கையை விட்டபோது அந்தக் குரல்தான் காதில் இருந்தது. விரல் தானாகக் கறுப்பை எடுத்தது என்று சொல்லமாட்டேன். நான்தான் எடுத்தேன். தடவிப் பார்த்து, இதுதானா என்று உறுதி செய்துகொண்டு போட்டேன்.

அப்புறம் நீங்கள் எல்லாரும் வந்து என் தோளைத் தட்டினீர்கள். "உன் தம்பிக்கு இப்படிப் பண்ணிட்டானே, எவன்னு தெரிஞ்சா கையை உடைப்போம்டா" என்றீர்கள். அதைத் தாங்க முடியாமல்தான் ஓடினேன். கொள்கை, கோபம் எல்லாம் நீங்கள் கட்டிய கதை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லெனார்டும் அந்தக் கதையை நம்பினான். அவனும் அந்தக் கல்லூரியை விட்டு ஊருக்கு வந்துவிட்டான். போன வருடம் அவன் மகள் கல்யாணத்தில் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இருநூறு பேர் முன்னால் சொன்னான்: "எனக்கு இடமில்லாத வீடு தனக்கும் வேணாம்னு வந்தவர் எங்க அண்ணன். இந்த மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைப்பாங்க?" எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நார்மா கூட, நான் நெகிழ்ந்துபோய்விட்டேன் என்று நினைத்துக் கையைப் பிடித்தாள்.

இப்போது நீ ஒரு சீட்டை நீட்டுகிறாய். ஒரு கறுப்புக் கோலியால் ஒருவனை வெளியே தள்ளுவது தப்பு என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். எந்த முகத்தோடு போடுவது? கையெழுத்துப் போட்டேன் என்று தெரிந்தால் லெனார்ட், "அண்ணே, எனக்காக இவ்வளவு வருஷம் பிடிவாதமா இருந்தே, போதும், இப்பவாவது மன்னிச்சியே" என்பான். அதையும் வாங்கி விழுங்கச் சொல்கிறாயா?

எழுதாதே.

எமெட்

*

நார்த்விக்
அக்டோபர் 14, 1987

எமெட்,

உன் கடிதத்தை என் காப்பீட்டு அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி படித்தேன். லெனார்டுக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

விதி கிடக்கட்டும் குப்பையில். தட்டில் இரண்டு கறுப்புக் கோலி இருந்தது.

ஒன்று என்னுடையது.

நீ காரணம் சொன்னாய், நானும் சொல்லவேண்டும். உன்னுடையதைவிட அற்பம். அக்டோபர் நடனத்துக்கு நான் டோரிஸை அழைத்துப் போனேன், அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் லெனார்டோடு மூன்று பாட்டுக்கு ஆடினாள். சிரித்துச் சிரித்து ஆடினாள். நான் பழரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். நான்கு வாரம் கழித்துப் பெட்டி கைக்கு வந்தது. என் கோலியைப் போட்டேன். இது ஒன்றே போதும், ஆள் வெளியே என்று தெரிந்தே போட்டேன். கவிழ்த்தால் இரண்டு! எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? என் கோலி இல்லாவிட்டாலும் அவன் வெளியேதான், வேறு ஒரு பாவி இருக்கிறான், பழி அவனோடு போகட்டும் என்று சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு வருடம் ஓட்டினேன். அந்த வேறு பாவி யார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொருவனாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். உன்னை ஒரு முறை கூட நினைக்கவில்லை.

நீயோ, உன் ஒருவனால்தான் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாய். எத்தனை என்று சொல்லக்கூடாது என்றானே அந்த விதி எழுதியவன், அவன் மட்டும் இன்று கையில் கிடைத்தால்! "இருட்டு, இரண்டு" என்று நான் சொல்லியிருந்தால் நாம் அன்றைக்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போமோ என்னவோ. பார்த்திருக்கமாட்டோம். நான் கோழை. ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இந்த மடல், பிறந்தநாள் வாழ்த்து, மருத்துவமனைக்குப் பூ, ஒருவரையும் விடாமல் பிடித்து வைத்திருக்கிற இந்த வேலை எல்லாம் என் நல்ல மனசு என்று ஊரே சொல்கிறது. ஒருவனை வெளியே தள்ளியவன் மற்ற எவனையும் வெளியே விடக்கூடாது என்று பயந்துபோய் ஓடிய ஓட்டம் அது. டோரிஸுக்கே தெரியாது.

சீட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். வீடு போனால் போகட்டும்.

வெர்லின்

*

பிளாட் க்ரீக்
அக்டோபர் 19, 1987

வெர்லின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னை உதைக்கவேண்டும் போல இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டும் போய், இனிமேல் இதை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. தனியாக இருந்தவரை மூடி வைக்க முடிந்தது. இன்னொருவனுக்குத் தெரிந்தபின் முடியவில்லை.

லெனார்ட் வடக்கு வயலில் சோளம் அறுத்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஏதோ மாட்டுக்கு என்று நினைத்து இறங்கி ஓடி வந்தான். சொன்னேன். என்னுடையதைச் சொன்னேன், உன்னுடையதையும் சொன்னேன். மறைக்கப் போவதில்லை, கோபித்துக்கொள்.

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அந்த வெர்லின், சரி, பொண்ணு விஷயம். நானா இருந்தாலும் போட்டிருப்பேன். உனக்கு என்னண்ணே?"

சமையற்கார அம்மாள் கேட்டதைச் சொன்னேன். வெயிலில் நின்று சொல்லும்போது அது ஒரு காரணம் மாதிரியே இல்லை.

"எம்பொண்ணு கல்யாணத்துல பேசினேனே. அத்தனை பேர் முன்னாடி. நீ கேட்டுக்கிட்டுதானே உக்காந்திருந்தே?"

"ஆமாம்."

"அந்தச் சீட்டு எங்கே?"

என் சட்டைப் பையில்தான் இருந்தது. வாங்கினான், மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான், ஏறி உட்கார்ந்து வரிசையை முடிக்கப் போய்விட்டான். மூன்று நாளாகிறது. தினமும் காலையில் காபி குடிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறவன், வரவில்லை. நார்மா அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் பேசாமல் இருக்கிறாள். அவளுக்கும் சொல்லவேண்டியதாயிற்று.

சீட்டு அவனிடம் இருக்கிறது. கிழித்துப் போட்டாலும் நியாயம்தான். நான் போய்க் கேட்கமாட்டேன்.

எமெட்

*

நார்த்விக்
அக்டோபர் 25, 1987

எமெட்,

நானும் டோரிஸிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், கையை வேறு கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். கரண்டியோடு நின்றாள்.

"லெனார்டா? அந்த உயரமான பையனா? அந்த டான்ஸுக்காகவாய்யா? அவன் என் காலை நாலு தடவை மிதிச்சான்! சிரிக்காம என்ன பண்றது, அழவா முடியும்?" என்றாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தஞ்சு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதை ஒளிச்சு வெச்சிருக்கே" என்றாள். விருந்தினர் அறையில் மெத்தை மகா மோசம். இத்தனை வருடம் அதில் படுத்த விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

நேற்று பழைய மாணவர் திரும்பும் நாள். நாற்பத்தோரு பேர் வந்தார்கள். கார் கதவைத் திறக்கும் முன்பே, "எமெட் போட்டானா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எரிச்சல் தாங்காமல், அந்தக் கேள்வியை இனி யாராவது கேட்டால் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் நிலவறைக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று என் கோலியைப் பற்றிச் சொன்னேன். என்னுடையதை மட்டும்தான் சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு எழுத்து கூட வாயில் வரவில்லை, பயப்படாதே.

செயலாளர் பதவியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் கன்று பிறக்கக் காத்திருந்த சிகாகோக்காரர், டில்மன், "நாற்பது உறை ஒட்டறதுக்குள்ள நாக்கு வறண்டுடும், எனக்கு வேணாம்ப்பா, நீயே வெச்சுக்கோ" என்றார். மன்னித்தார்களா, சோம்பல்பட்டார்களா என்று தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டின்போது என் பக்கத்து நாற்காலி இரண்டும் காலியாகவே இருந்தன.

பையன்கள் இப்போதே புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். க்ரெய்க் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

லெனார்ட் வந்தானா? இதை மட்டும் எழுது.

வெர்லின்

*

பிளாட் க்ரீக்
அக்டோபர் 28, 1987

வெர்லின்,

நேற்று மத்தியானம் வந்தான். காலணியைக் கழற்றவில்லை. வழக்கமாகக் கழற்றாமல் உள்ளே வரமாட்டான். சீட்டை மேஜைமேல் வைத்துக் கையால் நீவினான். பதினொரு நாள் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது, மடிப்பெல்லாம் எண்ணெய்க் கறை. வேறு சீட்டில் போட்டால்தான் செல்லும் என்று உன் அதிகாரி அம்மாள் சொன்னால் அவளை என்னிடம் பேசச் சொல்.

"கோபம் இல்லைன்னு நான் சொல்லப்போறேன்னு எதிர்பாக்காதண்ணே. இருக்கு" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன்.

"எல்லாருக்கும் என்னைத்தான் பிடிச்சுதுங்கறே. எனக்கு யாரைப் பிடிச்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டியா? அந்தக் காலேஜ் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நீ அங்க போனே, நான் வந்தேன். அந்த வீட்டுல சேரணும்னு நான் எங்க ஆசைப்பட்டேன்? நீ சாப்பிடற மேஜையில உக்காந்து சாப்பிடணும்னு வந்தேன்."

நான் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினேன்.

"போடு கையெழுத்தை. அந்தப் பசங்க என்ன பாவம் பண்ணாங்க" என்றான்.

போட்டேன். அவன் பக்கத்தில் நின்று பெயர் முழுவதும் எழுதுகிறேனா என்று பார்த்தான். இதை எழுதும்போதும் அவன் மூச்சுச் சத்தம் காதில் இருக்கிறது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு என் தலைக்கு மேலே நின்றான்.

நார்மா அவனுக்கும் தட்டு வைத்திருந்தாள். "உக்காருப்பா, லெனார்ட். பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும், உனக்குப் பிடிச்சதுதான்" என்றாள்.

"இன்னிக்கு வேணாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வண்டி மெயின் ரோடு ஏறும்வரை நின்று பார்த்தேன். உள்ளே வந்து தட்டை எடுக்கப் போன நார்மாவிடம் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். இன்றைக்கும் வரவில்லை. ஆனால், வெர்லின், அவன் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கும் தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சீட்டு உள்ளே இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எமெட்